மூன்றாம் எட்வர்டு முதல் ஏழாம் ஹென்றி வரை: இங்கிலாந்து அரச வாரிசுகளின் கொடிவழியை வரைந்து படிப்பது எப்படி

இங்கிலாந்தின் பதினைந்தாம் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் எவரும் வெகு விரைவில் பெயர்களிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். எட்வர்டுகளும் ஹென்றிகளும் ரிச்சர்டுகளும் எட்மண்டுகளும் தலைமுறைதோறும் திரும்ப வருகிறார்கள். 1399, 1461, 1470, 1471, 1483, 1485 என்று மணிமுடி கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வென்றவர் தமக்கே பிறப்புரிமை என்கிறார். இதை விளங்கிக்கொள்ள நான் கண்ட நல்ல வழி, 1327-இல் அரியணை ஏறிய மூன்றாம் எட்வர்டு முதல் 1485-இல் போரில் வென்ற ஏழாம் ஹென்றி வரையிலான கொடிவழியை நம் கையாலேயே வரைந்து பார்ப்பதுதான். முதன்முதலில் வரைந்தபோது பிறந்த வரிசையை மட்டும் எழுதிவைத்தேன். பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சண்டைக்கும் காரணம் புரியவில்லை. பெற்றோரை இணைக்கும் கோடுகளை, அதாவது திருமணங்களை, ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கிய பிறகே படம் பேசத் தொடங்கியது. அக்காலத்து அரசுரிமை வழக்குகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு திருமணத்தின்மேல்தான் நிற்கின்றன.

தாளும் பெயர்களும்

அகலமான தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, மேலே நடுவில் மூன்றாம் எட்வர்டையும் ஹெய்னால்ட்டின் பிலிப்பாவையும் எழுதி, யார்க் நகரில் நடந்த அவர்களுடைய திருமணத்தின் ஆண்டான 1328-ஐ இருவருக்கும் நடுவே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கீழே, வளர்ந்து ஆளான ஐந்து மகன்கள் இடமிருந்து வலமாக வருகிறார்கள்: கறுப்பு இளவரசர் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட எட்வர்டு (1330), ஆன்ட்வெர்ப்பில் பிறந்த லயனல் (1338), இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் (Ghent) நகரில் பிறந்ததால் கான்ட்டின் ஜான் எனப்பட்டவர் (1340), லாங்லியில் பிறந்த எட்மண்டு (1341), உட்ஸ்டாக்கில் பிறந்த தாமஸ் (1355). பட்டப்பெயரைக் காட்டிலும் பிறந்த ஊரைச் சேர்த்து எழுதுவதே நல்லது. யார்க் டியூக் என்ற பட்டம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும், பிறந்த ஊர் மாறாது.

மூன்று விதமான கோடுகள் போதும். திருமணத்துக்கு இரட்டைக் கோடு. மகன் வழியாக உரிமை இறங்கினால் கறுப்புக் கோடு. மகள் வழியாக இறங்கினால் சிவப்புக் கோடு. சிவப்புக் கோட்டைச் சோம்பல்படாமல் போடுங்கள். பல ஆண்டுக் காலம் நாட்டை அலைக்கழித்த வழக்கு முழுவதும் லயனலுக்குக் கீழே போகும் ஒரு சிவப்புக் கோட்டில் இருக்கிறது.

தேதிகளில் ஒரு எச்சரிக்கை. அக்கால இங்கிலாந்தில் ஆண்டின் எண் மார்ச் 25-இல்தான் மாறியது. ஏழாம் ஹென்றி பிறந்த 1457 ஜனவரி 28-ஐ அன்றைய எழுத்தர் 1456 என்றே எழுதியிருப்பார். குழந்தை எந்தத் திருமணத்துக்கு முன், எந்தத் திருமணத்துக்குப் பின் என்று பார்க்கும் வேலையில் இந்த ஓராண்டு வேறுபாடு பெரிய பிழையில் கொண்டுபோய் விடும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு இரட்டைக் கோட்டையும் சோதித்தல்

திருமணம் செல்லுமா என்பதைத் தீர்மானித்தது திருச்சபைச் சட்டம். ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டாலே அந்தத் திருமணம் முடிந்தது. பாதிரியாரோ சாட்சியோ பெற்றோரின் சம்மதமோ இல்லாவிட்டாலும் அது செல்லும். ஏற்போம் என்று எதிர்காலத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உடலுறவு கொண்டாலும் விளைவு அதுவே. மறைவாக மணப்பது குற்றம், அதற்குத் தண்டனையும் உண்டு. ஆனால் திருமணம் நிற்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவர்களில் எவராவது இதற்கு முன் வேறொருவரிடம் இந்தச் சொற்களைச் சொல்லியிருக்கிறாரா என்பதாகும்.

கென்ட்டின் ஜோன் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. இளம்பெண்ணாக இருந்தபோதே தாமஸ் ஹாலண்டு என்ற வீரரை மறைவாக மணந்தார். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் குடும்பத்தார் வில்லியம் மான்டகுவுக்கு ஊரறிய மணமுடித்து வைத்தார்கள். வழக்கு போப்பாண்டவரின் நீதிமன்றம் வரை போய், 1349-இல் முதலாவது திருமணமே செல்லும் என்று தீர்ப்பானது. மறைவில் சொன்ன சொல் ஊரறிந்த சடங்கை வென்றது. ஹாலண்டு இறந்தபின் 1361-இல் ஜோனைக் கறுப்பு இளவரசர் மணந்தார். அவர்களுடைய மகனே இரண்டாம் ரிச்சர்டு. இந்தத் தீர்ப்பைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், 1483-க்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்தது வயது. பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு நிறையும்வரை செய்துவைத்த திருமணத்தை அவர்கள் அந்த வயது வந்ததும் மறுத்துவிடலாம். 1396-இல் இரண்டாம் ரிச்சர்டு பிரான்சு அரசரின் மகள் இசபெல்லாவை மணந்தபோது அவளுக்கு ஏழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அந்தத் திருமணம் 28 ஆண்டுப் போர் நிறுத்தத்தோடு சேர்ந்து வந்தது என்பது உண்மை; ஆனால் முதல் மனைவி பொஹீமியாவின் ஆன் 1394-இல் குழந்தையின்றி இறந்திருந்த நிலையில், வாரிசுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய ஒரு மணத்தை அவர் தேர்ந்தெடுத்தார். மூன்றே ஆண்டில் அவருடைய பட்டம் பறிபோனது. ஐந்து மகன்களில் மூத்தவரின் கிளை இங்கே முடிகிறது என்று குறித்துவிடலாம்.

பன்னிரண்டு நிறைந்தவுடன் செய்த மணமும் எளிதானதல்ல. மார்கரெட் போஃபர்ட் 1443 மே மாதம் பிறந்தவர். 1455-இல், பன்னிரண்டு வயதில், எட்மண்டு டியூடருக்கு மணமுடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கணவர் கொள்ளைநோயில் இறந்தார். கருவுற்றிருந்த அந்தச் சிறுமி பெம்புரோக் கோட்டையில், பதின்மூன்று வயதில், ஏழாம் ஹென்றியைப் பெற்றெடுத்தார். அதன்பின் இருவரை மணந்தும் அவருக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. தாளில் இது ஒரு சிறு கோடு; அந்தக் கோட்டில் ஒரு குழந்தை மற்றொரு குழந்தையைச் சுமந்த துயரம் இருப்பதை நினைக்காமல் என்னால் இதுவரை அதை வரைய முடிந்ததில்லை.

உறவுப் படிகளை எண்ணுதல்

1215-இன் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், நான்காம் படி வரையிலான இரத்த உறவில் மணக்கக் கூடாது என்று வகுத்தது. எண்ணும் முறை எளிது: இருவருக்கும் பொதுவான முன்னோரை விட்டுவிட்டு, அவருக்கு அடுத்த தலைமுறையிலிருந்து மணமக்கள் வரை ஒவ்வொரு பக்கமும் எண்ண வேண்டும். ஏழாம் ஹென்றியையும் அவர் மணந்த யார்க்கின் எலிசபெத்தையும் எடுத்துக்கொள்வோம். பொது முன்னோர் கான்ட்டின் ஜான். ஒரு பக்கம்: ஜான் போஃபர்ட், அவர் மகன் சாமர்செட் டியூக் ஜான், அவர் மகள் மார்கரெட், அவர் மகன் ஹென்றி, நான்கு படிகள். மறுபக்கம்: ஜோன் போஃபர்ட், அவர் மகள் செசிலி நெவில், அவர் மகன் நான்காம் எட்வர்டு, அவர் மகள் எலிசபெத்; இதுவும் நான்கு. ஆகவே போப்பாண்டவரின் விலக்கு அனுமதி இல்லாமல் மணம் கூடாது. 1486 ஜனவரி 18-இல் மணம் நடந்தபோது போப்பாண்டவரின் தூதர் கொடுத்த அனுமதி கையில் இருந்தது.

தமிழில் சித்தப்பா மகள் தங்கை, அத்தை மகள் முறைப்பெண். திருச்சபைச் சட்டத்தில் அந்த வேறுபாடே கிடையாது. படிகளை எண்ணும்போது நம்முடைய முறைகளை மனத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இரத்த உறவு தவிர மண உறவும், ஞானஸ்நானத்தால் வரும் உறவும் தடையாகும். அரச குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்ததால் விலக்கு பெறுவது அன்றாட நடைமுறைதான். ஆகவே விலக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பதை வைத்து அந்த மணத்தைக் குறையுள்ளதாகக் கருத வேண்டாம். விலக்கு வாங்காமல் விட்டதுதான் எதிரிக்குப் பிடி கொடுக்கும்.

பிள்ளை எப்போது பிறந்தது

பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் முன்பே பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையாகிவிடும் என்றது திருச்சபை. இங்கிலாந்தின் பொதுச்சட்டம் அதை ஏற்கவில்லை. 1236-இல் மெர்ட்டனில் ஆயர்கள் இதைக் கேட்டபோது, இங்கிலாந்தின் சட்டங்களை மாற்ற விரும்பவில்லை என்று பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். ஆகவே குழந்தையின் பிறப்பையும் பெற்றோரின் மணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கோடு போடக் கூடாது.

போஃபர்ட் குடும்பத்தின் சிக்கல் இதுதான். கான்ட்டின் ஜான் மூன்று முறை மணந்தார்: 1359-இல் லங்காஸ்டரின் பிளான்ச், 1371-இல் கஸ்தீலின் கான்ஸ்டன்ஸ், 1396-இல் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டு. கேத்தரின் அவருக்குப் பெற்ற, போஃபர்ட் எனப்பட்ட நான்கு பிள்ளைகளும் மணத்துக்கு முன்பே, கான்ஸ்டன்ஸ் உயிரோடு இருந்தபோதே பிறந்தவர்கள். முதலில் போப்பாண்டவரும், 1397-இல் நாடாளுமன்றத்தில் இரண்டாம் ரிச்சர்டும் அவர்களை முறையான பிள்ளைகளாக அறிவித்தார்கள். பத்தாண்டு கழித்து, 1407-இல், பிளான்ச்சின் மகனும், தந்தை ஒருவரே ஆயினும் தாய் வேறான அவர்களுடைய அண்ணனுமான நான்காம் ஹென்றி அந்த ஆவணத்தை உறுதிசெய்து கொடுத்தபோது, அரச பதவி நீங்கலாக என்ற பொருளுடைய மூன்று லத்தீன் சொற்கள் அதில் சேர்ந்திருந்தன. நாடாளுமன்றம் 1397-இல் ஒப்புதல் கொடுத்த வாசகத்தில் அவை இல்லை. நாடாளுமன்றம் ஏற்ற ஒன்றை அரசர் தனியாகத் திருத்த முடியுமா என்பது தீர்க்கப்படாமலே போயிற்று. என் கணிப்பில் அந்தச் சேர்ப்புக்குச் சட்ட வலு குறைவு. ஏழாம் ஹென்றியின் உரிமை தாய் வழியாக இந்த இடத்தைக் கடந்துதான் வருகிறது. போஃபர்ட்டுகளின் பெட்டிக்குப் பக்கத்தில் 1397, 1407 இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இதே இடத்தில் பலரும் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். எட்மண்டு டியூடரின் தாய் கேத்தரின், நான்காம் ஹென்றியின் மகனான ஐந்தாம் ஹென்றியின் விதவை; அதனால் டியூடர்களை ஐந்தாம் ஹென்றியோடு கோடிட்டு இணைத்துவிடுகிறார்கள். கேத்தரின் பிரான்சு அரசரின் மகள். எட்மண்டின் தந்தை ஓவன் டியூடர் வேல்ஸ் நாட்டுக் கனவான். எட்மண்டுக்கு இங்கிலாந்து அரச இரத்தம் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. அவருக்கு மேலே போகும் கோடு பிரான்சுக்கும் வேல்ஸுக்கும்தான் போக வேண்டும்.

வாரிசு யார் என்பதற்கு எழுதிய விதி இருந்ததா

நிலையான விதி இல்லை. இறந்துபோன மூத்த மகனின் பிள்ளைக்கா, உயிரோடிருக்கும் இளைய மகனுக்கா என்ற கேள்விக்கு 1199-இல் இளையவரான ஜானுக்கு என்று விடை கிடைத்தது. 1377-இல் பத்து வயதுப் பேரன் இரண்டாம் ரிச்சர்டுக்கு என்று கிடைத்தது. பெண் வழி உரிமை செல்லுமா என்பதில் இன்னும் தடுமாற்றம். 1376-இல் முதுமையில் இருந்த மூன்றாம் எட்வர்டு ஆண்வழிக்கே மணிமுடி என்று ஓர் ஆவணம் எழுதினார்; தாய் வழியாகப் பிரான்சின் அரியணையைக் கோரிப் போர் தொடுத்த அதே எட்வர்டுதான். 1406 ஜூனில் நான்காம் ஹென்றி ஆண்வழிக்கே என்று சட்டம் செய்து, அதே ஆண்டு டிசம்பரில் அதை நீக்கி மகள்களையும் சேர்த்தார். ஆகவே ஒவ்வொருவருடைய உரிமையையும் அவர் அதைக் கேட்ட ஆண்டில் வழங்கிய விதியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்; பிற்காலத்து வாரிசு வரிசையை அவர்கள்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது.

இப்போது லயனலுக்குக் கீழே வருவோம். அவருக்கு ஒரே மகள் பிலிப்பா. அவரை மார்ச் ஏர்ல் எட்மண்டு மார்ட்டிமர் மணந்தார். அவர்களுடைய மகன் ரோஜர் 1398-இல் இறந்தபோது அவருடைய மகன் எட்மண்டு சிறுவன். மறு ஆண்டு செப்டம்பர் 30-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் எழுந்து மணிமுடியைக் கோரிய நான்காம் ஹென்றி, மூன்றாம் எட்வர்டின் பெயரையே எடுக்காமல், மூன்றாம் ஹென்றியின் வழிவந்தவன் என்று உரிமை கேட்டார். மூன்றாம் எட்வர்டிலிருந்து எண்ணினால் மூன்றாம் மகனின் மகனான தமக்கு முன்னே, இரண்டாம் மகன் வழியில் அந்தச் சிறுவன் நிற்பான் என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் எந்த முன்னோரைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்ப்பது, எந்த முன்னோரைச் சொல்கிறார் என்பதைப் போலவே முக்கியம்.

சிறுவன் எட்மண்டு 1425-இல் பிள்ளையின்றி இறந்தார். அவருடைய அக்கா ஆன், லாங்லி எட்மண்டின் மகன் ரிச்சர்டை மணந்து 1411-இல் ஒரு மகனைப் பெற்றிருந்தார்; அந்த மகன்தான் யார்க் டியூக் ரிச்சர்டு. தந்தை வழியில் நான்காம் மகனின் பேரன். தாய் வழியில், இரண்டு சிவப்புக் கோடுகளைத் தாண்டி, இரண்டாம் மகனின் வாரிசு. 1460 அக்டோபரில் அவர் மணிமுடியைக் கோரியபோது பிரபுக்கள் எழுப்பிய தடைகளில் ஒன்று கவனிக்கத் தக்கது: லயனல் வழியில் உரிமை கேட்பவர் இத்தனை நாளும் லாங்லி எட்மண்டின் குலச் சின்னத்தைத்தானே அணிந்து வந்தார் என்று கேட்டார்கள். கல்லறை, முத்திரை, சாளரக் கண்ணாடி எதிலாவது சின்னத்தைக் கண்டால் அந்த மனிதர் தம்மை யாருடைய வாரிசாகக் காட்டிக்கொண்டார் என்று அதிலிருந்து படிக்கலாம்.

அந்த வழக்கின் முடிவில், ஐந்தாம் ஹென்றியின் மகனான ஆறாம் ஹென்றி உயிருள்ளவரை அரசர், அவருக்குப் பின் யார்க் ரிச்சர்டும் அவர் வாரிசுகளும் என்று உடன்பாடானது. உரிமை இழந்தது ஆறாம் ஹென்றியின் மகனான ஏழு வயது இளவரசன் எட்வர்டு. 1453 அக்டோபரில் அவன் பிறந்தபோது தந்தை நினைவிழந்த நோயில் கிடந்தார். புத்தாண்டை ஒட்டி வின்ட்சரில் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள்; முதலில் பக்கிங்காம் டியூக் கையில் ஏந்தி ஆசி கேட்டார், பிறகு அரசியார் மார்கரெட்டே எடுத்துக் காட்டினார். அரசர் ஒரே ஒரு முறை குழந்தையைப் பார்த்துவிட்டுக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு சொல்லும் வரவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து நினைவு திரும்பியதும் பெயர் என்ன என்று கேட்டு, எட்வர்டு என்றதும் கைகளை உயர்த்திக் கடவுளுக்கு நன்றி சொன்னார். இடைப்பட்ட மௌனம் எதிரிகளின் வதந்திக்கு இடங்கொடுத்தது. மணத்துக்குள் பிறந்து கணவர் ஏற்ற பிள்ளை சட்டப்படி அவருடைய பிள்ளையே; இந்த இடத்தில் கறுப்புக் கோட்டைத் தயங்காமல் போடலாம். அது 1471 மே 4-இல் டியூக்ஸ்பரிப் போரில் முடிகிறது.

1464 முதல் 1486 வரை

யார்க் ரிச்சர்டு 1460 டிசம்பரில் வேக்ஃபீல்டில் வீழ்ந்தார்; அவருடைய மகன் நான்காம் எட்வர்டு 1461-இல் அரசரானார். 1464-இல் அவர் எலிசபெத் உட்வில் என்ற விதவையை மறைவாக மணந்து, சில மாதங்கள் கழித்தே அதை வெளியிட்டார். 1483 ஏப்ரலில் அவர் இறந்ததும், 1464-க்கு முன்பே எலினோர் பட்லர் என்ற பெண்ணுக்கு மணவாக்குக் கொடுத்திருந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன்படி உட்வில் திருமணம் செல்லாது, அவர்களுடைய மகனான பன்னிரண்டு வயது ஐந்தாம் எட்வர்டுக்கு உரிமை இல்லை. தாள் ஓரத்தில் இருக்கும் 1349 தீர்ப்பு இங்கே உதவும்: குற்றச்சாட்டு உண்மையானால் சட்டம் அதை ஏற்கும் என்பதற்கு ஜோனின் வழக்கு சான்று. ஆனால் ஜோனின் வழக்கைத் திருச்சபை நீதிமன்றம் இரு தரப்பையும் கேட்டு விசாரித்தது. 1483-இல் அப்படி ஒரு விசாரணையும் நடக்கவில்லை. எலினோர் 1468-லேயே இறந்திருந்தார், எட்வர்டும் இல்லை. திருமணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாத நாடாளுமன்றம் 1484-இல் அதைச் சட்டமாக்கியது. அந்த இரட்டைக் கோட்டை நான் அழிப்பதில்லை. பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போடுகிறேன்.

நான்காம் எட்வர்டின் மூத்த தம்பி கிளாரன்ஸ் டியூக் ஜார்ஜ் 1478-இல் ராஜதுரோகி என்று நாடாளுமன்றத்தால் அறிவிக்கப்பட்டு உரிமைகளை இழந்திருந்ததால், அவருடைய மகன் விலக்கப்பட்டு, இளைய தம்பி மூன்றாம் ரிச்சர்டு அரசரானார். அவருடைய ஒரே முறையான மகன் 1484-இலும், மனைவி ஆன் நெவில் 1485 மார்ச்சிலும் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 22-இல் பாஸ்வொர்த்தில் அவரும் வீழ்ந்தார்.

வென்ற ஏழாம் ஹென்றி அக்டோபர் 30-இல் முடிசூடினார், மணம் பிறகுதான். மனைவியின் உரிமையால் அரசரானவர் என்று சொல்ல இடம் தரவில்லை. 1484-இன் சட்டத்தை நாடாளுமன்றத்தில் படிக்காமலே நீக்கி, பிரதிகளை அழிக்கவும் ஆணையிட்டார். எலிசபெத்தை முறையான மகளாக்க அது தேவைப்பட்டது. ஆனால் அதே ஆணை அவளுடைய காணாமற்போன தம்பிகளான ஐந்தாம் எட்வர்டையும் அவனுக்கு இளையவனையும் முறையான வாரிசுகளாக்கிவிட்டது. இளைய தம்பி நானே என்று சொல்லிக்கொண்டு பெர்கின் வார்பெக் பின்னர் பல ஆண்டுகள் மிரட்ட முடிந்தது இதனால்தான்.

1486 செப்டம்பரில் இவர்களுக்குப் பிறந்த ஆர்தரின் பெயரில், கான்ட்டின் ஜான் வழியான லங்காஸ்டர் கோடும் யார்க் ரிச்சர்டு வழியான யார்க் கோடும் கூடுகின்றன. வலது ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வையுங்கள். ஆர்தரின் தங்கை மார்கரெட் 1503-இல் ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸை மணந்தார். 1603-இல் இங்கிலாந்தின் மணிமுடி போய்ச் சேர்ந்தது அந்த வழிக்குத்தான். அந்த மணத்துக்கும் விலக்கு அனுமதி வாங்கினார்கள். ஜேம்ஸின் கொள்ளுப்பாட்டி ஜோன், முதல் ஜான் போஃபர்ட்டின் மகள். அந்த ஜானிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள், நான்காம் படியில் வந்து நிற்கும்.